மேகச்செடி பாக்க வந்த வேன்

குப்புராசு காலம் பூரா பஸ்ஸுல விசில் ஊதுனவரு. ரிட்டையர் ஆன கையோட மலையேறி, தன்ன விட வயசுல சின்னவங்களான பொம்மியம்மாவுக்குச் சீடரா சேந்துட்டாரு. ஞானம் வந்துச்சோ இல்லையோ, நாலு பேரக் கண்டா "உள்ள தள்ளிப் போங்க"ன்னு சொல்ற வாய் மட்டும் போகல.

அந்த மலை உச்சிப் பாறையில மேகச்செடின்னு ஒண்ணு. இடுப்பு உசரம், வெள்ளப் பூவு. மேகம் வந்து ஒரசுற எடத்துலதான் பொழைக்கும். சுத்துப்பட்டுல வேற எங்கயும் கெடையாது. இங்கயும் மிஞ்சினது ஒத்தச் செடி.

"தாயி, இத ஊரே வந்து பாக்கணும். பாத்தாத்தான காப்பாத்துவாங்க?"

"அப்படியா கண்டக்டரே? கூட்டிட்டு வாங்க."

ஞாயித்துக்கெழம ஒரு வேன் ஆளுகள எறக்கிட்டாரு. பொம்மியம்மா முன்னால நடந்தாங்க. பாதி மலையிலயே நின்னுட்டாங்க. எதிர்ல உண்ணிச்செடிப் புதரு. எங்கிருந்தோ வந்து, மலையையே மூடி, மத்த செடிய மூச்சு முட்ட வச்சுக் கொல்லுதே, அந்தக் களைதான். அதப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

குப்புராசு அவங்க பக்கத்துல ஓடினாரு. "தாயி, இது..."

"கூட்டத்த வரிசையில விடுங்க கண்டக்டரே."

இதுதான் மேகச்செடின்னு நெனச்சுக் கூட்டமும் கும்பிட்டுச்சு. போட்டோ எடுத்துச்சு. அப்புறம் ஒரு அம்மா நைசா ஒரு கொப்ப ஒடிச்சாங்க. பின்னாலயே எல்லார் கையும் நீண்டுருச்சு.

"ஒடிக்காதீங்க"ன்னாங்க பொம்மியம்மா.

குப்புராசு அப்பாடான்னு மூச்சு விட்டாரு.

"வேரோட புடுங்குங்க."

வேன் கெளம்பிப் போன பெறகு பாத்தா, அது நின்ன எடத்துல புடுங்கின செடியெல்லாம் வாடிக் கெடக்கு. முள்ளு கீறுதுன்னு அங்கயே வீசிட்டுப் போயிட்டாங்க. குப்புராசு ஒவ்வொண்ணாப் பொறுக்கினாரு. நிமிந்து உச்சிப் பாறையப் பாத்தாரு.

"தப்பு பண்ணப் பாத்தேன் தாயி. இனிமே ஒருத்தரக்கூட மலைக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்."

பொம்மியம்மா முந்தானைய இழுத்துச் செருகிட்டு, புதர்ல விட்டுப்போன ஒரு வேரப் பிடிச்சு இழுத்தாங்க. வரல. ரெண்டு கையாலயும் இழுத்தாங்க.

"யாரு வர வேண்டாம்னா? அடுத்த வாரம் ரெண்டு வேனா கூட்டிட்டு வாங்க. அந்தச் சரிவு பூரா இன்னும் அப்படியே கெடக்கு."