பெனால்டியைத் தடுத்தவர்

"நான் எந்தப் பக்கம் அடிப்பேன் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

ஈமன் டெவனி வணக்கம்கூடச் சொல்லவில்லை. காரை விட்டு இறங்கி, ஈரப் புல்லில் நடந்து வந்ததும் இதைத்தான் கேட்டான்.

லோர்கன் ஃபீனி கோல் வலையின் கிழிசலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் ஸ்லைகோவில், கடலைப் பார்த்த ஒரு பள்ளி மைதானம். புதன்கிழமை காலை. வேறு யாரும் இல்லை.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள்," என்றார்.

ஈமன் பிடித்தான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. லோர்கன் மூன்று வயது இளையவர். ஆனாலும் அந்த மேற்குக் கடற்கரையில் எந்த ஊர் கோல்கீப்பருக்குக் கை நடுங்க ஆரம்பித்தாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். பெரிதாக எதுவும் சொல்லித்தர மாட்டார் என்றும், திரும்பிப் போகிறவர்களுக்குக் கை நடுங்குவதில்லை என்றும் பேச்சு.

ஈமன் கோல்கீப்பர் இல்லை. கோல் அடிக்கிறவன். சொந்த ஊரான டொனகலிலிருந்து பதினாறு வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனான். ஒரு விதவையின் வீட்டு மாடியில் தங்கி, கிளப்பின் காலணிகளைத் துடைத்து, பத்தொன்பதில் முதல் ஆட்டம் ஆடினான். இருபத்தைந்துக்குள் அறுபத்தொரு கோல். அயர்லாந்துக்காக இரண்டு முறை, மாற்று ஆட்டக்காரனாக இறங்கியும் இருக்கிறான்.

பிறகு அந்த மே மாத ஆட்டம். ஜெயிக்கிற அணி மேல் டிவிஷனுக்குப் போகும். எண்பத்தெட்டாவது நிமிடம், சமநிலை, ஈமனுக்குப் பெனால்டி. எதிரே நின்றவர் இருபத்திரண்டு வயது லோர்கன். வலது பக்கம் பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டார். கூடுதல் நேரத்தில் ஈமனின் அணி தோற்றது.

அதோடு எல்லாம் சரிந்தது. சொந்த ரசிகர்களே அவன் காலில் பந்து படும்போதெல்லாம் விசிலடித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் மிச்சச் சில்லறையை அவன் முகம் பாராமல் நீட்டினார். கிளப் அவனை விற்றது. ஏழு வருடத்தில் நான்கு கிளப்புகள், ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஒரு படி கீழே. அந்த ஏழு வருடமும் அவன் ஒரு பெனால்டிகூட அடிக்கவில்லை. யாராவது பந்தை நீட்டினால் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவான்.

இப்போது சொந்த ஊர் அணிக்கே வந்து சேர்ந்திருந்தான். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "இங்கே உன் அளவுக்கு ஆடியவன் யாருமில்லை. பெனால்டி நீதான் அடிக்க வேண்டும். முடியாது என்றால் உன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்," என்று சொல்லியிருந்தார்.

விட்டுவிடுவதாகத்தான் ஈமன் முடிவு செய்திருந்தான். அதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தான்.

லோர்கன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையுறைகளை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்கொள்ளுங்கள்."

"நான் கோல்கீப்பர் இல்லை."

"தெரியும்."

ஈமன் போட்டுக்கொண்டான். கோல் கோட்டில் நின்றான். லோர்கன் பத்துப் பந்துகளை எடுத்துவந்து, பெனால்டிப் புள்ளியில் ஒவ்வொன்றாக வைத்து அடித்தார். அடிக்கத் தெரியாத ஆள் அடிப்பதுபோலத்தான் அடித்தார்.

ஈமன் இடதுபக்கம் விழுந்தான். பந்து வலதுபக்கம் போனது.

வலதுபக்கம் விழுந்தான். பந்து நடுவில் போனது.

விழாமல் நின்றான். பந்து மூலைக்குப் போனது.

இந்தக் கோல் இவ்வளவு அகலம் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. பெனால்டிப் புள்ளியிலிருந்து பார்த்தபோதெல்லாம் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

எட்டாவது பந்துக்கு வலதுபக்கம் சாய்ந்தான். பந்து அவன் முழங்காலில் பட்டுத் தெறித்து வெளியே ஓடியது.

லோர்கன் காலை ஊன்றி நின்றார்.

"இது எப்படித் தெரிந்தது?"

ஈமன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"தெரியாது. விழுந்தேன். பந்து வந்தது."

லோர்கன் தலையசைத்தார். மீதி இரண்டு பந்துகளை அவர் அடிக்கவில்லை.

இருவரும் சேர்ந்து பந்துகளைப் பொறுக்கினார்கள். கடல் பக்கமிருந்து மெல்லிய தூறல் வந்து, நின்றும் போனது.

"இதைக் கேட்கத்தானா ஏழு வருடம் காத்திருந்தேன்," என்றான் ஈமன். கோபமில்லை, களைப்புதான். "உங்களுக்கென்ன. பெனால்டியைத் தடுத்த படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள்."

"அம்மா மாட்டியிருக்கிறார். நான் அதைப் பார்ப்பதில்லை."

"ஏன்?"

"வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

லோர்கன் கோல் கோட்டுக்குப் போனார். இடது கம்பத்திலிருந்து இரண்டு கையளவு தள்ளி நின்றார்.

"இருபத்து மூன்றாவது நிமிடம். கார்னர். பந்து உயரமாக வருகிறது. நான் கோட்டை விட்டு வெளியே வருகிறேன்." ஓர் அடி வைத்தார். இன்னொரு அடி வைத்தார். "இங்கே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் எழும்பித் தலையால் முட்டினீர்கள். பந்து எனக்குப் பின்னால் வலையில் கிடந்தது."

ஈமன் வலையைத் திரும்பிப் பார்த்தான்.

"மூன்றாவது அடி வைத்திருந்தால் பந்து என் கையில் இருந்திருக்கும். கூடுதல் நேரமே வந்திருக்காது. தினமும் காலையில் பல் துலக்கும்போது அந்த மூன்றாவது அடியை வைக்கிறேன்."

"நீங்கள் ஜெயித்த ஆட்டம் அது," என்றான் ஈமன் மெதுவாக.

"ஆமாம். ஊர்வலமெல்லாம் விட்டார்கள். திறந்த பஸ்ஸில் நின்றுகொண்டு அந்த அடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் கழித்து ஆடுவதை விட்டுவிட்டேன்."

"நான் கோல் அடித்தேன், இல்லையா," என்றான் ஈமன்.

"எனக்கு எதிராக அதைவிட நல்ல கோலை யாரும் அடித்ததில்லை. மறந்துவிட்டீர்களா?"

"மறக்கவில்லை." ஈமன் யோசித்தான். "நினைப்பு அந்தப் பக்கம் போகவேயில்லை."

அவன் நடந்து போய் லோர்கனுக்கு எதிரே சில அடி தள்ளி நின்றான். கால்களால் புல்லைத் தடவி இடம் பார்த்தான். இடதுபக்கம் அரை அடி நகர்ந்தான். உடம்புக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

"இங்கேதான் இருந்தேன். உங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

"ஆமாம்."

"மூன்றாவது அடியை வையுங்கள்."

லோர்கன் அவனைப் பார்த்தார்.

"வையுங்கள். நான் எழும்புகிறேன்."

ஈமன் எழும்பினான். முப்பத்திரண்டு வயதுக் கால்கள் அன்றுபோல எழும்பவில்லை. லோர்கன் மூன்றாவது அடியை வைத்து, எம்பி, வலது கையை முழுவதும் நீட்டினார்.

இருவரும் தரையில் இறங்கினார்கள். நீட்டிய கை அப்படியே இருந்தது. விரல் நுனிக்கும் ஈமனின் நெற்றிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"இன்னொரு முறை," என்றார் லோர்கன்.

இன்னொரு முறை செய்தார்கள். அதே ஒரு முழம்.

லோர்கன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பந்து இல்லாத அந்த இடத்தில் கடற்காற்று போய்க்கொண்டிருந்தது. கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அன்று நான் இதைவிட உயரமாக எழும்பினேன்," என்றான் ஈமன்.

"ஆமாம்."

"அப்படியென்றால் அது கோல்தான்."

"கோல்தான்," என்றார் லோர்கன். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார்.

அவர் புல்லில் உட்கார்ந்தார். ஈமன் கையுறைகளைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தான். அங்கேயே நின்றபடி போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டான்.

"நான் அடிக்கிறேன்," என்றான். மறுமுனையில் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டான்.

அவன் பேசி முடித்ததும் லோர்கன் தலையைத் தூக்கினார்.

"தவறினால்?"

ஈமன் போனைப் பையில் போட்டான்.

"தவறினால் தவறும்," என்றான்.