பலகணியில் முதல் வேலை

கோயம்புத்தூரில், ஒரு மோட்டார் பம்பு கடையின் மாடியில், பலகணி என்ற பிரௌசரைச் செய்துகொண்டிருந்தார்கள். செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குத் தலைமை கோகிலவாணி. அதிகம் பேசமாட்டார். பேசினால், கேட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய முதல் சீடன் சென்னியப்பன். சீடன் என்று யாரும் நியமிக்கவில்லை. அவரைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் அவர் சொல்லைத் தட்டமாட்டான் என்பதால் ஆபீசில் கேலியாக வைத்த பெயர். கேலி என்று தெரிந்தும் அவன் அதைப் பட்டம்போலத்தான் வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பட்டத்துக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது.

அடுத்த பதிப்புக்கு எந்த வேலையை முதலில் எடுப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. டீம் சின்னது. ஒன்றை எடுத்தால் எல்லோரும் அதிலேயே உட்கார வேண்டும், மற்றதெல்லாம் எப்போது வருமோ தெரியாது. சென்னியப்பன் 'சுருக்கி' என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தான். எவ்வளவு நீளமான பக்கமானாலும் தொட்டால் நான்கு வரியில் சொல்லிவிடும். காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த நஸ்ரின் கேட்டது வேறு. ஒருவர் பிரௌசரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். கை தவறி வேறு பக்கம் போய்விடுகிறார். திரும்பி வந்தால் எழுதியதெல்லாம் காணோம். அது காணாமல் போகக் கூடாது, அப்படியே இருக்க வேண்டும் என்றாள். கைதட்ட அதில் ஒன்றும் இல்லை, யாரும் தட்டவும் இல்லை.

கோகிலவாணி நஸ்ரினுடைய வேலையை முதலில் வைத்தார்.

சென்னியப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. நஸ்ரின் யாரிடமாவது பேசிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. ஒருநாள் மேடம் அவளிடம், "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தன்னிடம் கடைசியாக எப்போது அப்படிக் கேட்டார் என்று இவன் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் அறைக்குள் போய் நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"பலகணி இனிமேல் எப்படி வளரணும்னு நெனைக்கறீங்க?"

"நீங்க கேக்க வந்தது அதில்லீங்களே."



"சுருக்கிய ஏனுங்க முதல்ல எடுக்கல?"

"ஏன் எடுக்கணும்?"

சொல்ல நிறைய இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

"சொல்ல வேண்டாம், எழுதுங்க," என்றார் கோகிலவாணி. "நம்ம யோசனைப் பக்கம் இருக்குதல்ல? அதுல எழுதி அனுப்புங்க. படிச்சுப் பார்த்து, சரின்னு பட்டா மாத்தி வெச்சர்றேன்."

"நெஜமாங்களா?"

"நெஜமாத்தானுங்க."

சாப்பாடு முடிந்ததும் பலகணியைத் திறந்து யோசனைப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் சுருக்கியைப் பற்றி எழுதினான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாகவே நஸ்ரின் பக்கம் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொறாமைப்பட்டவன் எழுத உட்கார்ந்தால் விஷயத்துக்குப் பஞ்சமா வரும்? வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை என்று எழுதினான். மேடம் இருக்கும்போது மட்டும் மாய்ந்து மாய்ந்து வேலை செய்கிறாள் என்று எழுதினான். அடுத்தவர் யோசனையைத் தன் யோசனையாகச் சொல்கிறாள் என்றும் எழுதினான். சிலது உண்மை, சிலது பாதி உண்மை, கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். படித்துப் பார்த்தபோது அந்தப் பொய்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வந்திருந்தது.

இன்னும் ஒரு குத்து வைக்கலாம் என்று தோன்றியது. அவள் திட்டத்தில் அசட்டுத்தனமாக ஏதோ எழுதியிருந்தாளே, அதை அப்படியே எடுத்துப் போட்டால்? பக்கத்தின் ஓரத்தில் அவள் எழுதிக் கொடுத்த திட்டத்துக்கு இணைப்பு இருந்தது. அதைத் தட்டினான். எழுதிக்கொண்டிருந்த பக்கம் போய், அந்த இடத்திலேயே அவள் திட்டம் திறந்தது. வரி வரியாகத் தேடினான். அசட்டுத்தனமாக ஒன்றும் கிடைக்கவில்லை. எரிச்சலோடு திரும்பி வந்தான்.

எழுதிய இடம் வெறிச்சென்று இருந்தது.

"ஐயையோ!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. கோகிலவாணி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னாச்சுங்க?"

"எழுதுனதெல்லாம் போயிருச்சுங்க மேடம்! ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போயிட்டு வந்தேன், அதுக்குள்ள அத்தனையும் போச்சு. என்ன கண்றாவி பிரௌசருங்க இது!"

"நாம பண்ணுனதுதானுங்க."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது. 

நஸ்ரின் சிரிக்கவில்லை. எழுந்து அவன் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, எதையும் மூடிராதீங்க. மெமரில மிச்சம் இருந்தாலும் இருக்கும். நான் எடுத்துப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம்!"

"முழுசா வராட்டியும் பாதியாவது வருங்கண்ணா. எந்த எடத்துல என்ன எழுதியிருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"வேண்டாம்மா, வேண்டாம், விட்டுரு!" கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான். அதில்தான் ஒன்றுமே இல்லையே என்பதுகூட அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

"எனக்கும் இப்படிப் போயிருக்குதுங்கண்ணா. அழுகையா வரும்," என்று சொல்லிவிட்டு நஸ்ரின் தன் இடத்துக்குப் போனாள்.

கோகிலவாணி ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மறுபடி எழுதுங்க."

"இப்பவேங்களா?"

"இப்பவே. நான் உக்காந்திருக்கேன்."

எழுதினான். அவர் பக்கத்தில் இருக்கும்போது சுருக்கியைப் பற்றி மட்டும்தான் எழுத முடிந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. கோகிலவாணி குனிந்து படித்தார்.

"நாலே வரி. சுருக்கி நல்லாத்தான் வேலை செய்யுது."

அவன் சிரிக்க முயன்றான். சிரிப்பு வரவில்லை.

"மத்தியானம் பூரா தட்டிட்டு இருந்தீங்களே. மிச்சமெல்லாம் என்னங்க?"

"அது சுருக்கியப் பத்தி இல்லீங்க."

"யாரப் பத்தி?"

சென்னியப்பன் நஸ்ரின் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"நஸ்ரினப் பத்திங்க."

"நல்லதாவா?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"உண்மையாவாவது இருந்துச்சா?"

"கொஞ்சம் உண்மைங்க. கொஞ்சம் நானாச் சேத்தது." குரல் இறங்கிப்போயிற்று. "பொறாமையா இருந்துச்சுங்க மேடம். இப்பவுந்தான் இருக்குது. நீங்க அவளோட வேலைய முதல்ல வெச்சதுல இருந்து எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல."

கோகிலவாணி எழுந்தார். நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

சென்னியப்பன் வெறிச்சென்றிருந்த அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டான். மறைத்து நின்ற தன் கைகளையும் நினைத்துக்கொண்டான். 

"எழுதுனது போனதே நல்லதுங்க மேடம்."

"உங்களுக்கு நல்லது," என்றார் கோகிலவாணி. "அந்தப் பொண்ணு, நீங்க எழுதுனதுல ஒரு எழுத்துகூடப் போயிரக் கூடாதுன்னு உக்காந்து வேலை செஞ்சுட்டு இருக்குது."