அண்ணாச்சி முறுக்கின போல்ட்டு

தூத்துக்குடி உப்பளக்காரர் சற்குணத்துக்குத் தன் கைப்பலத்தில் அபாரப் பெருமை. தன் பைக்கின் பிரேக் போல்ட்டை அவரேதான் முறுக்குவார். பிரேக் கட்டை தேய்ந்துபோனதும், புதிதாகக் கடை போட்டிருந்த மெக்கானிக் எஸ்தரிடம் வந்து நின்றார்.

"நாலு கடை பாத்தாச்சு. நான் முறுக்குன போல்ட்டை ஒருத்தனாலயும் அசைக்க முடியல. சுத்தியல் படக்கூடாது, நெருப்பு காட்டக்கூடாது. நீ கழத்திட்டா என் உப்பளத்து வண்டி இருபதுக்கும் இனி நீதான் மெக்கானிக். இல்லன்னா கடை போர்டைக் கழத்திரு!"

எஸ்தர் ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். உப்புக்காற்றில் துரு ஏறி, போல்ட்டு கல்லாக இருந்தது.

"அண்ணாச்சி, இதையா நீங்க முறுக்குனீங்க? இன்னும் கொஞ்சம் இறுகும் போலயே!"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"யாருகிட்ட சொல்லுத?" சற்குணம் ஸ்பேனரைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

"போதும் அண்ணாச்சி!" எஸ்தர் ஸ்பேனரை வாங்கி எதிர்ப்பக்கம் திருப்பினாள். செந்தூள் உதிர, போல்ட்டு சுழன்று வந்துவிட்டது.

"எப்படிம்மா கழத்துன?"

"நான் எங்க கழத்துனேன்? இறுக்குற பக்கம் ஒரு நூல் அசைஞ்சாலே துரு பிடியை விட்டுரும். அசைச்சது நீங்கதான்."

இருபது வண்டியும் நாளைக்கே வரும் என்றார் சற்குணம். எஸ்தர் புதுக் கட்டை மாட்டியதும், பழக்கத்தில் ஸ்பேனருக்குக் கை நீட்டினார். சட்டென்று அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே முறுக்கும்மா."