பன்னிரண்டு மில்லிமீட்டர் ரொட்டி

உலகநாதனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஒரு ஹோட்டலில் கேக்கும் ரொட்டியும் செய்கிறவர். சனிக்கிழமை சாயங்காலம் பொன்மலையில் தன் வீட்டு அடுப்படியிலேயே நாலைந்து பேருக்குச் சமையல் சொல்லித் தருவார். சிஷ்யர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். இரும்பின் கனம் பார்க்கிற வெர்னியர் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முதல் வகுப்புக்கே வந்தார்.

பாம்பே டோஸ்ட் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் பட்டை போட்டது, வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரொட்டியை ஒரு விரல் கனத்துக்கு வெட்ட வேண்டும் என்றார் டீச்சர்.

"யார் விரல் டீச்சர்?"

டீச்சர் ஒரு துண்டு வெட்டி முன்னால் வைத்தார். உலகநாதன் அதை அளந்து, நோட்டில் '12 மி.மீ.' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவருக்கு அது விளையாட்டில்லை.

ஏழு மாதத்துக்கு முன்புதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சுகந்தி நர்ஸ். அவளுடைய முதல் கணவர் இறந்து நாலு வருஷம். அந்த வீட்டில் மதிவதனி என்று பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மரியாதையான பிள்ளை. கேட்டால் பதில் சொல்வாள், கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். உலகநாதனை மட்டும் ஏழு மாதமாக எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய நேரத்தில் லேசாகத் தொண்டையைச் செருமுவாள். அந்தச் செருமலுக்கு அவர் எங்கிருந்தாலும் ஓடி வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்திக்கு டியூட்டி. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு மட்டும் மதிவதனி காலையில் சரியாகச் சாப்பிட மாட்டாள். அவளுடைய அப்பா ஞாயிறுதோறும் பட்டை போட்டுப் பாம்பே டோஸ்ட் செய்வார் என்றும், அவர் போனதிலிருந்து இப்படித்தான் என்றும் சுகந்தி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். உலகநாதன் அதைப் பேச்சுவாக்கில் விடவில்லை. அந்த வாரமே டீச்சரைத் தேடி வந்துவிட்டார்.

முதல் ஞாயிறு, பழக்க தோஷத்தில், தோசைக்கல்லை அரை வெங்காயத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டு ரொட்டியைப் போட்டார். வெங்காய வாசனையோடு இனிப்பு டோஸ்ட் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது ஞாயிறு கல்லை மாற்றிவிட்டார். ஆனால் பட்டையை அரைத்தது முந்தின நாள் மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரில். மதிவதனி ஒரு வாய் தின்றுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று அவருக்குக் கலக்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. டீச்சரிடம் வந்து, பிள்ளையின் அப்பா செய்த டோஸ்ட் கதையையும் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பட்டைத் தூளை நேராகப் பாலில் போட்டால் மேலேயே மிதக்கும், முதலில் சர்க்கரையோடு கலந்துகொள்ள வேண்டும் என்றார் டீச்சர். எழுதிக்கொண்டார். நேற்றைய ரொட்டிதான் நல்லது, இன்றைய ரொட்டி பாலில் நனைந்தால் கையோடு வந்துவிடும் என்றார். அதையும் எழுதி, எத்தனை மணி நேரம் பழையது என்று கேட்டு, அதையும் எழுதினார்.

மூன்றாவது ஞாயிறு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுப்பருகே நின்றார். வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் ரொட்டியை வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே பொன் நிறம். டீச்சர் வீட்டில் வந்த அதே வாசனை. தட்டில் வைத்து, மேலே கொஞ்சம் பட்டைச் சர்க்கரை தூவி, மேசையில் வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார்.

மதிவதனி பாதி தின்றாள். நல்லா இருக்கு என்றாள். மீதியை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் உலகநாதன் நின்றுகொண்டிருந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"எல்லாம் சரியா பண்ணேன் டீச்சர். அளவு, தீ, நேரம், ஒண்ணும் தப்பில்ல. அப்புறம் ஏன் அவ சாப்பிடல?"

டீச்சர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவரே முட்டை உடைத்தார், பால் ஊற்றினார், ரொட்டி வெட்டினார். உலகநாதன் தட்டு எடுக்க எழுந்தார். வேண்டாம், உட்காருங்க என்றார் டீச்சர். வெண்ணெய் டப்பாவை நகர்த்திக் கொடுக்கப் போனார். அதுவும் வேண்டாம் என்றார். முப்பது வருஷமாகக் கைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்தே பழக்கமில்லாத மனிதர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் டோஸ்ட் வந்தது. அருமையான டோஸ்ட். உலகநாதன் பாதி தின்றுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு," என்றார் உலகநாதன். சொன்ன பிறகு அதே வார்த்தையை எங்கே கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

டீச்சர் அடுப்பை அணைத்தார்.

"அவங்க அப்பா பண்றப்போ அந்தப் பொண்ணு எங்க நிக்கும்?"

"தெரியாது டீச்சர்."

"அவர் எப்படிப் பண்ணுவாருன்னு அதுகிட்ட கேட்டீங்களா?"

உலகநாதன் இல்லை என்று தலையாட்டினார். பிறகு, பெயர் சொல்லாத அந்தச் செருமல் உட்பட உள்ளதை எல்லாம் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் பிள்ளை அழுமோ என்று பயம். அது ஒரு பயம்தான். இன்னொன்று இருந்தது.

"அவர் பேர எடுத்தா, அந்த வீட்டுல நான் இல்லாம போயிடுவேனோன்னு இருக்கு டீச்சர்."

டீச்சர் அவர் நோட்டை எடுத்து, பேனாவைச் செருகி, அவர் கையில் கொடுத்தார்.

"அந்த டோஸ்ட் எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவங்க உங்க வீட்டுலதான் இருக்காங்க."

மறுநாள் காலை சுகந்தி வேலைக்குக் கிளம்பிப் போனதும் உலகநாதன் முட்டையை எடுத்து வைத்தார், திரும்ப உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு மதிவதனியின் அறை வாசலில் போய் நின்றார். பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனபோதுகூட அவருக்கு இப்படித் தயக்கம் வந்ததில்லை.

"உங்க அப்பா டோஸ்ட் எப்படிப் பண்ணுவாருன்னு எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவள் அவரையே பார்த்தாள். அழவில்லை.

"டீ வடிகட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அவள் முக்காலியை இழுத்து வந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போட்டு ஏறி நின்றாள். டோஸ்ட் தட்டுக்கு வந்ததும் வடிகட்டியில் பட்டையும் சர்க்கரையும் போட்டு மேலே தட்டுவது அவளுடைய வேலையாம். அப்பா அதைத் தொடவே மாட்டாராம். பட்டைத் தூள் பறந்து இரண்டு பேருக்கும் தும்மல் வருமாம். அப்பா எப்போதும் ஒரு பக்கத்தைக் கருக்கிவிடுவாராம், அம்மா வருவதற்குள் கத்தியால் சுரண்டி ஒளித்து வைப்பாராம். ஏழு மாதமாக ஒரு சொல், இரண்டு சொல் என்று கிள்ளிக் கிள்ளிப் பேசிய பிள்ளை அன்றைக்கு மூச்சு விடாமல் பேசியது. உலகநாதன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பை மறந்துவிட்டார். கருகல் வாசனை வந்த பிறகுதான் திரும்பினார்.

மதிவதனி ஒரு நிமிஷம் அந்தக் கருப்பு ரொட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்துச் சுரண்டச் சொன்னாள். அவர் சுரண்ட, அவள் வடிகட்டியைத் தட்ட, இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தும்மினார்கள். மேசையிலும் தரையிலும் விழுந்த சர்க்கரைக்கு எறும்பு சாயங்காலம் வரை வந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை உலகநாதன் வந்தபோது வெர்னியர் பையில் இருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். டோஸ்ட் ஒரு பக்கம் கரி என்றார். பட்டை ஒரு இடத்தில் குவியல், ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை என்றார். டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை என்று வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார். அவளோ மூன்று துண்டு தின்றாளாம்.

"உங்கள ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர். செருமவும் இல்ல. 'தீயக் குறைங்க'ன்னு சத்தம் போட்டா."

நோட்டைத் திறந்து நீட்டினார். '12 மி.மீ.' என்று அவர் அடிக்கோடு போட்டிருந்த இடத்துக்குக் கீழே, பென்சிலில், குண்டு குண்டு எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'அப்பா அளக்க மாட்டார். நீங்க அளக்கலாம்.'

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். நோட்டை மூடித் தன் முந்தானையால் அதில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் என்ன சொல்லித் தருவீங்க டீச்சர்?" என்று கேட்டார் உலகநாதன்.

"முதல்ல உங்க வீட்டு டீச்சர்கிட்ட லீவு கேட்டுட்டு வாங்க சார்."