மூன்று படி, நான்கு படி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட வேண்டிய ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அடுத்த நாட்டு அரசன் ஆறு ஆள் உயரத்துக்குக் கோட்டை மதில் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டதும் இவருக்கு ஓர் ஆசை வந்தது. நம் மதில் ஏழு ஆள் உயரம் இருக்க வேண்டும், அதுவும் அவன் கட்டி முடிப்பதற்கு முன்னால்!

வேலை மும்முரமாகத் தொடங்கியது. ஆனால் மதில் மூன்று ஆள் உயரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. கல் உடைக்கிறவர்கள் பத்தும் இருபதுமாக ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் படகுத் துறையில் காவலர்கள் முப்பத்தேழு பேரை மடக்கிப் பிடித்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற இருளாயி என்ற பெண்ணை அரசவைக்கு இழுத்து வந்தார்கள். அவள் முதலில் இங்கே கல் உடைத்து, பிறகு ஒரு வருஷம் அக்கரையில் வேலை பார்த்துவிட்டு, சொந்த பந்தங்களையும் கூட்டிப் போக வந்து அகப்பட்டுக்கொண்டவள்.

மந்திரி பூதலிங்கர் ஓலையை விரித்து வாசித்தார். "அரசே! நம் நாட்டில் கல் உடைப்பவருக்கு நாள் கூலி நான்கு படி நெல். அக்கரையில் மூன்றே படி. கூடுதலாகக் கொடுத்தும் ஓடுகிறார்கள் என்றால் இது ராஜத் துரோகம் அல்லாமல் வேறென்ன?"

"நிஜமா?" என்று அரசர் இருளாயியிடம் கேட்டார்.

"நிஜந்தான் சாமி. இங்க நாலு, அங்க மூணு. ஆனா நாலை விட மூணுதான் சாமி பெருசு."

அவை கொல்லென்று சிரித்தது. பூதலிங்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசர் மட்டும் சிரிக்கவில்லை. தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் முகம் சிவந்துவிட்டது.

அந்த அவையில் திருமலைக்கொழுந்து என்று ஒரு விகடகவி இருந்தான். கொழுந்து என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கப் போன நேரத்தில் இருளாயியின் முகத்தைப் பார்த்தான். அவள் வேடிக்கைக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறவர்களின் முகம் அது. அவனை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "அரசே, அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே பல வருஷமாகக் காத்திருந்தவர்போலப் பூதலிங்கர் எழுந்தார். "கொழுந்தின் அறிவுக்கு எட்டாதது உண்டா? மூன்று நான்கைவிடப் பெரியது என்று இந்த அவையில் அவர் நிரூபித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் இந்த முப்பத்தேழு பேரோடு அவரும் காலில் விலங்கோடு கல் உடைக்கட்டும்!"

"அப்படியே ஆகட்டும். பத்து நாள் தவணை," என்றார் அரசர்.

கொழுந்து நேராகச் சிறைக்குப் போனான். "இருளாயி, உன்னை நம்பிப் பேசிவிட்டேன். மூன்று எப்படிப் பெரியது? சொல்லு."

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். "சொன்னா வெளங்காது சாமி. நீங்க போயி நாலு நாள் அங்கிட்டு ஒடைங்க. நாலு நாள் இங்கிட்டு ஒடைங்க. அப்புறம் வந்து என்னையக் கேளுங்க."

வேறொருவனாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பான். கொழுந்து வீட்டுக்குப் போய்ப் பட்டு வேட்டியை அவிழ்த்துவிட்டு முரட்டு வேட்டி கட்டிக்கொண்டான். முகம் தெரியாமல் முண்டாசு கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்க் கூலியாட்களோடு வரிசையில் நின்றான்.

முதல் நாளே உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. ஆனாலும் அவன் ஒவ்வொன்றையும் கவனித்தான். அக்கரையில் சூரியன் கிளம்பிய பிறகுதான் சங்கு ஊதினார்கள். சாய்கிறபோது மறுபடி ஊதினார்கள். சம்மட்டி அரண்மனையுடையது, உளி மழுங்கினால் தீட்டித் தரக் கொல்லன் அங்கேயே இருந்தான். உச்சி வேளைக்கு ஓலைப் பந்தல், கம்மங்கூழ், சின்ன வெங்காயம். கல் விழுந்து கால் நசுங்கிய ஒருவன் பந்தலில் உட்கார்ந்திருந்தான். குணமாகும்வரை அவனுக்கும் மூன்று படி அளந்தார்கள்.

பிறகு இக்கரைக்கு வந்து சொந்த நாட்டு மதிலில் நின்றான். இங்கே விடிவதற்கு முன்பே ஆரம்பித்து விளக்கு வைத்தபின்தான் விட்டார்கள். சம்மட்டி வாடகை அரைப் படி. குடிக்கிற தண்ணீருக்குக் கால் படி. உளி தீட்டக் கால் படி. கங்காணி மனம் கோணாமல் இருக்க ஒரு படி. கடைசியில் கையில் மிஞ்சியது இரண்டே படி. நான்காம் நாள் ஒருத்திக்கு விரல் நசுங்கியது. கங்காணி அவள் பெயரை அப்போதே அடித்துவிட்டான். அரை நாள் உடைத்த கல்லுக்கு ஒரு மணி நெல்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் கொழுந்து யோசித்துப் பார்த்தான். இதையெல்லாம் அவையில் எடுத்துச் சொன்னால் என்ன ஆகும்? பூதலிங்கர் ஆயிரம் ஓலை காட்டுவார், ஆறு மாதம் விவாதிப்பார். அதற்குள் அந்த முப்பத்தேழு பேரின் எலும்பும் மிஞ்சாது. 'கூடாது. இதை நான் சொல்லவே கூடாது. அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்' என்று முடிவு கட்டினான்.

பத்தாம் நாள் அவை கூடியது.

"நிரூபணம் எங்கே?" என்று கேட்டார் அரசர்.

"மதிலடியில் இருக்கிறது அரசே. மந்திரியாரும் நானும் இன்று ஒரே ஒரு நாள் கல் உடைக்கிறோம். ஒருவருக்கு நம் நாட்டுக் கூலியும் நம் நாட்டுச் சட்டமும். மற்றவருக்கு அக்கரைக் கூலியும் அக்கரைச் சட்டமும். எது வேண்டும் என்று மந்திரியாரே முதலில் எடுத்துக்கொள்ளட்டும்."

பூதலிங்கருக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் நான்குதான் பெரியது என்று அவை நடுவே சொன்னவர் அவர். மூன்றை எப்படிக் கேட்பார்? "எனக்கு நான்கு," என்றார்.

"இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்தவள் இருளாயி ஒருத்திதான். இன்று அவள் கங்காணியாக இருக்கட்டும்," என்றான் கொழுந்து. அரசருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அவளைச் சிறையிலிருந்து வரவழைத்து, குடையோடும் விசிறியோடும் மதிலடிக்கே வந்து உட்கார்ந்தார்.

பூதலிங்கர் ஒரு நாழிகை சமாளித்தார். பிறகு, "தண்ணீர்!" என்றார்.

"கால் படி சாமி," என்றாள் இருளாயி.

"என்ன?"

"தண்ணிக்குக் கால் படி. சம்மட்டிக்கு அரைப் படி ஏற்கெனவே கழிச்சாச்சு."

"யார் போட்ட சட்டம் இது?"

"நீங்க போட்டதுதான் சாமி. மதில் வேல ஆரம்பிச்சப்பவே தமுக்கடிச்சுச் சொன்னாங்களே."

அரசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உச்சி வெயில் வந்தது. கொழுந்து அவசரமாகத் தட்டிப் போட்டிருந்த ஓலைப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்து கூழைக் குடித்தான், வெங்காயத்தைக் கடித்தான். பூதலிங்கரும் பந்தலை நோக்கி நடந்தார். இருளாயி குறுக்கே கையை நீட்டினாள். "அது அக்கரைக்காரங்களுக்கு. நம்ம நாட்டுல நெழலு கெடையாது சாமி."

மந்திரி திரும்பிப் போய்ச் சம்மட்டியை ஓங்கினார். கண்ணில் வழிந்த வியர்வையில் கல் தெரியவில்லை. அடி இடது கட்டைவிரலில் இறங்கியது. அவர் போட்ட அலறலில் மதில்மேல் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

இருளாயிக்கு ஒரு கணம் முகம் வாடியது. நசுங்கிய விரல்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "பேரை அடிச்சாச்சு சாமி. நீங்க போகலாம்."

"போவதா? காலையிலிருந்து உடைத்த கல்லுக்குக் கூலி?"

"முழு நாளு ஒடைச்சாத்தான் கூலி. கொழுந்து சாமிக்கு அடிபட்டிருந்தா ஒக்காந்தே மூணு படி வாங்கியிருப்பாரு. அது அக்கரைச் சட்டம்."

பூதலிங்கர் விரலை வாயில் வைத்துக்கொண்டு துள்ளினார். "ஐயோ, அந்த நான்கு எனக்கு வேண்டவே வேண்டாம்! எடுத்துக்கொள்! எனக்கு அந்த மூன்றைக் கொடு, என்னை அந்தப் பந்தலில் உட்காரவிடு!"

கொழுந்து கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "அரசே, கேட்டீர்களா? கையில் இருக்கும் நான்கை வீசிவிட்டு மூன்றைக் கேட்கிறார் உங்கள் மந்திரி. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைக் கேட்கிறவரா அவர்? எது பெரியது என்று அவரே சொல்லிவிட்டார்."

அரசர் சிரித்த சிரிப்பில் குடை பிடித்தவன் கையும் ஆடியது. கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றிக் கொழுந்தின் கழுத்தில் போட்டார். "பிழைத்தாய்! போ, போய் இளைப்பாறு."

கொழுந்து போகவில்லை. "நான் பிழைத்துவிட்டேன் அரசே. இன்னும் முப்பத்தேழு பேர் சிறையில் இருக்கிறார்கள். நாளை விடிவதற்கு முன்பே இதே வெயிலுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். அதற்கு ஒரு வழி செய்யாமல் என்னால் இளைப்பாற முடியாது."

அரசரின் சிரிப்பு அடங்கியது. பாதியில் நின்ற மதிலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அவர்களை விடுங்கள்," என்றார். "துறையைத் திறந்து வையுங்கள். கூலி அதே நான்கு படி, பிடித்தம் கிடையாது. மற்றதெல்லாம் அக்கரைச் சட்டம்போலவே இருக்கட்டும். பூதலிங்கரே, எழுதும்!"

இடது கட்டைவிரல் சரியாக இருந்தால்தானே ஓலையைப் பிடிக்க முடியும்? துணி சுற்றிய விரலோடு, எழுத்துக்கு எழுத்து முனகிக்கொண்டே மந்திரி எழுதி முடித்தார்.

"இனி இங்கேயே இருப்பீர்கள் அல்லவா?" என்று அரசர் இருளாயியைக் கேட்டார்.

அவள் கும்பிட்டாள். "எழுதினதைப் பாத்தோம் சாமி. நடக்குறதையும் ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்றோம்."

முகத்துக்கு நேராக அப்படிப் பேசிய குடிமகளை அரசர் அதுவரை கண்டதில்லை. திகைத்துக் கொழுந்தைப் பார்த்தார். கொழுந்து வேறெங்கோ பார்த்தான். அரசர் மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு மாதம் ஆகும் முன்பே ஒரு நாள் காலையில் துறைக் காவலன் கொழுந்திடம் மூச்சிரைக்க ஓடி வந்தான். அக்கரையிலிருந்து ஐந்து படகு நிறைய ஆட்கள், சம்மட்டியும் கையுமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். "இங்கே நான்கு படியாமே, நிழலும் உண்டாமே, நிஜந்தானா?" என்று கேட்கிறார்களாம்.

"என்ன பதில் சொல்லட்டும்?" என்றான் காவலன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் கொழுந்து. "மதிலடியில் இருளாயி நிற்பாள். அவளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லு."