விளக்கம் ஒட்டிய இடம்

எட்டரை மணி வேலையை எட்டு மணிக்கு மாற்றினார் அந்தப் பனியன் கம்பெனி மேனேஜர் தண்டபாணி. தையல் பெண்களில் ஒருத்தியிடமும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் எட்டரைக்கு வந்தவர்களை வாசலிலேயே மறித்தார். ஏனென்று கேட்டவள் துளசிமணி ஒருத்திதான். அவள் மேல் பாய்ந்தார்.

"நோட்டீஸ் ஒட்டியாச்சு. படிக்காதது உன் தப்பு. உள்ள போ, பத்து மணிக்குள்ள எழுத்துல விளக்கம் வரலைன்னா உனக்கு வேலை இல்ல."

நோட்டீஸ் இருந்தது ஆபீசர்கள் சாப்பிடும் அறையில். தையல்காரிகள் அங்கே கால் வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டவரும் இவரேதான். இதற்குப் பெயர் அறிவிப்பாம்!

பத்து மணிக்கு முதலாளி வந்தார்.

"இந்தப் பொண்ணு விளக்கமே தரலைங்க. அனுப்பிடலாம்" என்றார் தண்டபாணி.

"ஒம்போது மணிக்கே எழுதி ஒட்டிட்டனுங்க" என்றாள் துளசிமணி.

"எங்கே?" என்றார் தண்டபாணி.

"பொம்பளைங்க பாத்ரூம்ல, உள்பக்கச் சுவத்துல."

"அங்க நான் எப்படிப் போய்ப் படிக்கிறது?"

"உங்க சாப்பாட்டு ரூமுக்குள்ள நாங்க எப்படிப் போய்ப் படிக்கிறதுங்க சார்?"

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு விளக்கம் குடுத்தாச்சு, வேலைக்குப் போகட்டும். இனி உங்க விளக்கத்தை எழுதுங்க. என் மேசையில வைங்க, எங்கேயும் ஒட்டிடாதீங்க."