எந்தப் பக்கம் கை தூக்கினார்கள்

“என் ஊர்க்காரங்க முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?” என்று கேட்டார் சந்தியாகு.

மாநில மீன், வனவிலங்கு வாரியத்துக்கு அவர் புது உறுப்பினர். தலைவி மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் தொழில் பழக வந்தவரைப் போல, சந்தியாகு எப்போதும் தலைவிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். பதவிக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் அபூர்வம். அதனாலேயே, வாரியக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்று காலை, கதவைச் சாத்திக்கொண்டு வாரியம் ஒரு முடிவு எடுத்திருந்தது. காயலில் மீன் குறைந்துவிட்டது. குஞ்சுகள் பெருக வேண்டும். இந்தப் பருவம் முழுக்க யாரும் வலை போடக் கூடாது.

ஐந்து பேரில் மூன்று பேர் சரி என்றார்கள். பாதிக் காயலை மூடினால் போதும் என்று வாதாடித் தோற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சந்தியாகு. இன்னொருவர் தலைவியேதான்.

“நான் எதிர்த்துத்தான் கை தூக்கினேன்னு ஊர்ல சொல்லிக்கலாமா? அது போதும் எனக்கு.”

தலைவி கோப்பை மூடிவிட்டு எழுந்தார்.

“வண்டியில ஏறுங்க,” என்றார்.

அது அவர் கொண்டுவந்த வழக்கம். ஒரு முடிவு எங்கே அதிகம் வலிக்குமோ, அங்கே முதலில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் பிறகுதான்.

முதலில் பள்ளமேடு. படகுத் துறையில் நின்று தலைவி சொல்லி முடித்ததும், ஒரு மீன்காரம்மா முன்னால் வந்தாள்.

“போன மாசம் எங்க வீட்டுல உக்காந்து கஞ்சி குடிச்சீங்க. பாதி மூடுனா போதும்னு நீங்களே சொன்னீங்க. உள்ள போய் மாத்திட்டீங்களா?”

சந்தியாகு வாயைத் திறந்தார். தலைவி கை காட்டி நிறுத்தினார்.

“வாரியத்தோட முடிவுதான் என் முடிவு. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.”

திட்டினார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி ஆள் ஓயும்வரை தலைவி வெயிலில் நின்றார்.

பிறகு சொன்னார்: “அடுத்த கூட்டத்துல வந்து பேசுங்க. உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன். அதுவரைக்கும் நிவாரணத்துக்கு நான் அலையறேன்.”

அலைவார். சொன்னதைச் செய்கிறவர் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

வண்டி கிளம்பியதும் சந்தியாகுவுக்குப் பொறுக்கவில்லை.

“உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு மாலை போட்டிருப்பாங்கம்மா.”

“எனக்கு மாலை. மத்த மூணு பேர் வீட்டுக்கு என்ன போகும்?”

சந்தியாகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது அவருடைய சொந்த ஊர். தலைவி இறங்கப் போனார்.

“நீங்க இருங்கம்மா,” என்று சந்தியாகு முந்திக்கொண்டார்.

துறையில் ஊரே நின்றது. முன்னால் அவர் மனைவியின் தம்பி அருளப்பன். சந்தியாகு சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்தது.

“சரி மச்சான். நீ எந்தப் பக்கம் கை தூக்குன? அத மட்டும் சொல்லு. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

சந்தியாகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுடுமணலில் காலை ஊன்றி நின்றார்.

“அந்த வாரியத்துல நானும் ஒருத்தன்,” என்றார். “என்னைத் திட்டு மச்சான்.”